காயமும் விசையும்

தோற்றுவாய்

காயம் என்னும் சொல் தமிழில் உடம்பையும் உணர்த்தும். அவ்வுடம்பிற்கு நேரும் ஊறுபாட்டையும் உணர்த்தும். அவற்றின் சொற்பிறப்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், உடம்பாகிய காயத்தின் அமைப்பை அறியாதார் ஊறாகிய காயத்தின் இயல்பையும் அறியமாட்டார் என்பதனை அவ்வொரு சொல்லே நமக்கு நினைவூட்டப் போதியதாகும்.

திடலில் விரைந்தோடும் மாணவன் ஒருவன் திடீரெனத் தன் பின்தொடையைப் பற்றிக்கொண்டு வீழ்கின்றான் எனக் கொள்வோம். சூழ நிற்போருள் ஒருவர், ‘அவனுக்கு வேளை சரியில்லை’ என்பர்; மற்றொருவர், ‘கண்பட்டுவிட்டது’ என்பர்; வேறொருவர், ‘உடம்பில் உறுதியில்லை, நடிக்கின்றான்’ என்று நகுவர்; இன்னொருவர் எண்ணெய்ச் சீசாவோடு ஓடிவந்து வலித்த இடத்தை அழுந்தத் தேய்க்கத் தொடங்குவர். இந்நால்வர் செயலும் ஓர் அறியாமையின் நான்கு கிளைகளே. காயம் வேளையால் வருவதன்று, கண்ணேற்றால் வருவதன்று, விசையால் வருவது. எவ்வளவு விசை, எத்திசையில், எத்துணைப் பரப்பில், எத்துணை நேரம், எத்தனை முறை தாக்கிற்று என்னும் ஐந்தனையும் அறிவோமாயின், காயம் ஏன் வந்தது என்பதும், அதனை எங்ஙனம் காத்தல் கூடும் என்பதும், வந்தபின் செய்யத்தக்கது யாது என்பதும் ஒருங்கே விளங்கும். எலும்பு முறிவை விடுத்து, மெல்லுறுப்புகளுக்கு நேரும் காயங்களை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

மெல்லுறுப்புகளின் அமைப்பு

எலும்பும் பல்லும் வன்மையுடையன. அவை நீங்கலாகத் தோல், தசை, தசைநாண், மூட்டுநார், மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த குருத்து, இரத்தக்குழாய், நரம்பு ஆகியவற்றை மெல்லுறுப்புகள் எனலாம். இவற்றுள் தசை என்பது சுருங்கி விசையைப் பிறப்பிப்பது. தசைநாண் என்பது அவ்விசையை எலும்பிற்குக் கொண்டு செலுத்துவது. வில்லின் நாணைப்போல் விறைத்து நிற்றலின் அப்பெயர் அதற்கு நன்கு பொருந்தும். மூட்டுநார் என்பது எலும்போடு எலும்பைப் பிணைத்து, மூட்டானது தனக்குரிய எல்லையைக் கடவாமற் காப்பது; மக்கள் வழக்கில் இதனைச் ‘சவ்வு’ என்பாரும் உளர்.

1678ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், ஒரு சுருள்வில்லின் நீட்சி அதனை இழுக்கும் விசைக்கு ஏற்ற அளவினதாகும் என்று வெளியிட்டார். தசைநாணும் மூட்டுநாரும் ஓரளவு இவ்விதிக்கு உட்பட்டனவே. எனினும் உயிருள்ளனவாதலின் சில தனியியல்புகளும் உடையன. அவற்றின் இழைகள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆயவை. ஓய்வு நிலையில் இவ்விழைகள் அலையலையாய் நெளிந்து கிடக்கும். இழுக்கத் தொடங்கியவுடன் முதற்கண் அந்நெளிவு நிமிரும். நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு கூடும்வரை இந்நிலையே. அதன்மேல் இழைகள் விறைத்து, விசைக்கேற்ப நீண்டு, விசை நீங்கியவுடன் முன்னிலையை எய்தும். நூற்றுக்கு 4 பங்கைக் கடப்பின், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிழைகள் ஒவ்வொன்றாய் அறத் தொடங்கும். நூற்றுக்கு 8 பங்கின் அளவில் பெருங்கிழிவு நேரும். உறுப்பிற்கு உறுப்பும் ஆளுக்கு ஆளும் இவ்வளவு சிறிது மாறுபடும். 10 செ.மீ. நீளமுள்ள நாண் ஒன்றினை எடுத்துக்கொண்டால், 2 மி.மீ. நீளுதல் இயற்கை, 4 மி.மீ. எச்சரிக்கை, 8 மி.மீ. கேடு. நலத்திற்கும் கேட்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு நெல்மணியின் நீளமே என்பதனை நாம் மறத்தலாகாது.

விசையின் நால்வகை

விசை உடம்பைத் தாக்கும் முறையை இழுத்தல், அழுத்தல், முறுக்கல், உராய்தல் என நான்காக வகுத்துக் கொள்ளலாம். வியப்பு யாதெனின், நம் மக்கள் வழக்கிலுள்ள பெயர்களே இவ்வேறுபாட்டை ஒருவாறு காட்டி நிற்றலாம்.

முதலாவது இழுத்தல். தசை சுருங்குங்கால் குறுகுதல் இயல்பு. சுருங்க முயலும் தசையை அதே நேரத்தில் வேறொரு விசை நீட்டுமாயின், அத்தசை வடமிழுக்கும் போட்டியில் இருகட்சியார் கையிலும் அகப்பட்ட வடம்போல் ஆகின்றது. விரைந்தோடுவோன் காலை முன்னே வீசி, அது நிலத்தில் ஊன்றுதற்குச் சற்று முன்னர் நிகழ்வது இதுவே. வீசிய கீழ்க்காலைத் தடுத்து நிறுத்தும்பொருட்டுப் பின்தொடைத் தசைகள் சுருங்க முயல்கின்றன; முன்னோக்கிப் பாயும் கீழ்க்காலோ அவற்றை நீட்டுகின்றது. அத்தசைகளுட் பெரும்பாலன இடுப்பு, முழங்கால் என்னும் இரு மூட்டுகளையும் கடந்து செல்வன. ஆதலின் ஈரிடத்தும் ஒருங்கே நீட்டப்படுகின்றன. கிழிவு பெரும்பாலும் தசையும் நாணும் கூடுமிடத்தில் நேர்கின்றது. 2017ஆம் ஆண்டு இலண்டன் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், நால்வர் தொடரோட்டத்தின் இறுதிப் பகுதியை ஓடிய உசைன் போல்ட் பின்தொடையில் இத்தகைய காயமுற்றுத் தரையில் வீழ்ந்தார். அதுவே அவர்தம் கடைசிப் பெரும்போட்டி. உலகத்தின் மிகுவிரைவினர்க்கும் இவ்விதி விலக்கு அளிக்கவில்லை.

இரண்டாவது அழுத்தல். கால்பந்தாட்டத்தில் எதிரியின் முழங்கால் நம் தொடையில் மோதுகின்றது. மோதும் முழங்கால் ஒருபுறமும் தொடையெலும்பு மறுபுறமுமாக நிற்க, இடையிலுள்ள தசை அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்ட பண்டம்போல் நசுங்குகின்றது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் சிதைந்து குருதி உள்ளேயே பரவித் தேங்குகின்றது. தோல் கிழிவதில்லை, குருதி வெளிவருவதில்லை. புறத்தே ஒன்றும் சொல்லாமல் அகத்தே வருத்துதலின் மக்கள் இதனை ஊமைக்காயம் என்றனர். குருதி தேங்கியதனை இரத்தக்கட்டு என்றனர்.

மூன்றாவது முறுக்கல். துள்ளியெழுந்து இறங்கும் ஆட்டக்காரன் பிறனொருவன் பாதத்தின்மேல் இறங்க நேரின், அவன் பாதத்தின் வெளிவிளிம்பு முதலில் ஊன்ற, உள்ளங்கால் உட்புறமாகத் திரும்புகின்றது. உடலின் எடை முழுதும் அத்திருப்பத்தை மிகுவிக்கின்றது. கணுக்காலின் வெளிப்புறத்து நார்கள், அவற்றுள்ளும் முன்புறத்தது முதலில், எல்லை கடந்து நீளுகின்றன. இதனையே சுளுக்கு என்கின்றோம். இழைகள் நீண்டும் சில அறுந்தும் நிற்பது முதற்படி. ஒரு பகுதி கிழிவது இரண்டாம் படி. முற்றும் அறுவது மூன்றாம் படி. எனவே சுளுக்கு என்பது நரம்பு பிசகியதுமன்று, எலும்பு நழுவியதுமன்று, நார் கிழிந்ததேயாம்.

முழங்காலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதன் உள்ளே இருநார்கள் சிலுவைபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்புமாயின், அல்லது குதித்திறங்குங்கால் முழங்கால் உட்புறமாக மடங்குமாயின், அவற்றுள் முன்னாரின்மேல் பெருஞ்சுமை ஏறுகின்றது. சடுகுடு ஆட்டத்தில் பாடிச் சென்றவனுடைய கணுக்காலை எதிர்க்கட்சியார் பற்றிக்கொள்ள, அவனோ நடுக்கோட்டை நோக்கி உடலைத் திருப்புவானாயின், அம்முறுக்கு முழுதும் முழங்காலிலேயே விழும். எலும்புகளின் இடையிலுள்ள பிறைவடிவக் குருத்தும் அப்போது திரிகைக் கற்களின் நடுவே அகப்பட்டதுபோல் அரைபட்டுக் கிழியக்கூடும். காயம் நேர்ந்த ஆட்டங்களின் படங்களை ஆராய்ந்த அறிஞர், கால் நிலத்தைத் தொட்ட பின்னர் ஏறத்தாழ 40 மில்லிநொடியிலேயே முன்னார் அறுந்துவிடுகின்றது எனக் கணித்துள்ளனர். கண் இமைக்கும் நேரத்தினும் இது குறைவு. வீழ்ந்தவனை நோக்கி, ‘கவனித்துக் காலை வைத்திருக்கலாகாதா?’ என வினவுவோர் இக்கணக்கை அறிவாராக. கவனம் அந்நொடியில் உதவுவதன்று. முன்னரே பழகிய பழக்கமே உதவும்.

நான்காவது உராய்தல். வழுக்கி வீழ்ந்தவன் தோலை நிலம் ஒருதிசையில் இழுக்க, அவன் உடல் மற்றொரு திசையில் செல்கின்றது. மேற்றோல் உரிந்தால் அது சிராய்ப்பு. புதிய காலணியில் நெடுந்தொலைவு ஓடுவோனுக்குத் தோல் உரிவதில்லை. மேற்படலமும் கீழ்ப்படலமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரிகின்றன. பிரிந்த இடைவெளியில் நீர் கோத்துக் கொள்கின்றது. அது கொப்புளம்.

நெம்புகோலின் கணக்கு

ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள மாணவனின் கால்நாண் அறுவதற்கு அவன் எடையே போதுமோ என ஐயுறலாம். இவ்வையத்திற்கு விடை கூறியவர் இத்தாலிய அறிஞராகிய பொரெல்லி. விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி அவரியற்றிய நூல், அவர் மறைந்தபின் 1680ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. நம் எலும்புகள் நெம்புகோல்கள் என்றும், தசைகள் மூட்டிற்கு மிக அண்மையில் பற்றியிருத்தலின், நாம் தூக்கும் சுமையினும் பன்மடங்கு மிகுந்த விசையை அவை இயற்ற வேண்டியுள்ளது என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

குதிகால் நாணை எடுத்துக்கொள்வோம். கணுக்கால் மூட்டிலிருந்து முன்பாதம் ஊன்றுமிடம் ஏறத்தாழ 12 செ.மீ.; அம்மூட்டிலிருந்து குதிகால் நாண் பற்றுமிடம் ஏறத்தாழ 5 செ.மீ. 60 கிலோ எடையுள்ள ஒருவன் ஒற்றைக்கால் விரல்மேல் நிற்பானாயின், அந்நாண் தாங்குவது 60 கிலோ அன்று; 60ஐப் பன்னிரண்டாற் பெருக்கி ஐந்தால் வகுக்க வருவதாகிய 144 கிலோ. அவன் ஓடுங்கால் நிலம் அவனை மேனோக்கித் தள்ளும் விசை அவன் எடையைப்போல் இரண்டரை மடங்கு எனக் கொண்டால், நாணின் சுமை 360 கிலோ ஆகின்றது. கைவிரற் பருமனுள்ள நாண் ஒன்று அடிதோறும் இச்சுமையைத் தாங்கி நம்மைக் கொண்டு செல்கின்றது. அஃது அறுவது வியப்பன்று. நாடோறும் அறாமல் நிற்பதே வியப்பு.

காலமும் பரப்பும்

இனி, விசையின் அளவு மோதும் பொருளை மட்டும் பொறுத்ததன்று. அது நிற்கும் தொலைவையும் நேரத்தையும் பொறுத்தது. 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து நொடிக்கு 20 மீட்டர் விரைவில் வருகின்றது எனக் கொள்வோம். கையை விறைப்பாக நீட்டி அதனை 1 செ.மீ. தொலைவிற்குள் நிறுத்துவோமாயின், கையைத் தாக்கும் விசை சராசரி 3,200 நியூட்டன். இது 320 கிலோவிற்கு மேற்பட்ட சுமைக்கு ஒப்பாம். பந்தோடு கையையும் பின்னுக்கு இழுத்து 50 செ.மீ. தொலைவில் நிறுத்துவோமாயின், விசை 64 நியூட்டனே. அஃதாவது ஆறரைக் கிலோ. பந்து ஒன்றே, விரைவு ஒன்றே, பிடிக்கும் முறையால் விசை ஐம்பதில் ஒன்றாய்க் குறைகின்றது. குதித்திறங்குங்கால் முழங்காலை மடக்குதலும், வீழுங்கால் உருண்டு வீழ்தலும் இத்தத்துவத்தின் பாற்பட்டனவே.

அங்ஙனமே, விசை சிறு பரப்பில் விழின் அழுத்தம் மிகும். பெரும்பரப்பில் பரவின் குறையும். முள்ளாணிக் காலணி மிதித்த காலுக்கும் வெறுங்கால் மிதித்த காலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்காற் காப்பும் கையுறையும் தலைக்கவசமும் விசையை அழிப்பன அல்ல. பரப்பி, நேரத்தை நீட்டி, மெலிவிப்பன. இவற்றை அணிதல் கோழைமை என்று எண்ணுவோர், 2014ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் சிட்னி நகரில் நிகழ்ந்ததை நினைவு கூர்வாராக. ஆஸ்திரேலியாவின் இளம் மட்டையாளர் பிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்தே ஆடினார். பந்து அக்கவசம் மறையாத கழுத்தின் பக்கத்தைத் தாக்கிற்று. அங்குள்ள இரத்தக்குழாய் சிதைந்து, மூளையைச் சூழக் குருதி பெருகி, இரண்டாம் நாள் அவர் உயிர் நீத்தார். அதன்பின்னரே கழுத்தையும் மறைக்கும் காப்புகள் பரவலாயின. மெல்லுறுப்பின் காயம் சிறு காயமே என்று எண்ணுவது எத்துணைப் பிழை!

சிறு விசையும் பல முறையும்

ஒரே முறையில் வரும் பெருவிசை மட்டுமே காயம் செய்யும் என்று கருதுதல் கூடாது. மயிலின் இறகேயாயினும் அளவு கடந்து ஏற்றுவோமாயின் வண்டியின் அச்சு ஒடிந்துபோம் என்னும் உண்மையைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் உவமையாகக் காட்டியுள்ளார். அரசர்க்குக் கூறிய அவ்வறிவுரை நம் தசைநாணுக்கும் பொருந்தும். ஒவ்வொரு நாளும் சில நுண்ணிழைகள் சிதைதலும் ஓய்வில் அவை புதுப்பிக்கப்படுதலும் இயற்கை. சிதைவு மிகுந்து புதுப்பித்தற்கு நாள் போதாதாயின், நாண் உள்ளுக்குள்ளே நலிகின்றது. சீன நாட்டுத் தடையோட்ட வீரர் லியூ சியாங் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பொன் வென்றவர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில், தம் நாட்டினர் ஆயிரமாயிரவர் காத்திருக்க, குதிகால் நாணின் நோவால் ஓடாது திரும்பினார். 2012ஆம் ஆண்டு இலண்டனில் முதல் தடையிலேயே அந்நாண் அறுந்து வீழ்ந்தார். அறுந்தது ஒரு நொடியில், நலிந்ததோ பல்லாண்டில். போட்டிக்கு ஒரு திங்கள் இருக்கும்போது திடலுக்கு வந்து, ஒரே வாரத்தில் பயிற்சியை இருமடங்காக்கும் மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அறிந்தபின் செய்யத்தக்கன

காயம் என்பது இழை கிழிந்து குருதி கசிதல் என்பதனை உணர்ந்தோமாயின், உடனே எண்ணெயிட்டு உருவுதலும் வெந்நீர் ஒற்றடமும் ஏன் தகாதன என்பது தானே விளங்கும். கிழிந்த இழையைத் தேய்ப்பது மேலும் கிழிக்கும். வெப்பம் குருதிக் கசிவை மிகுவிக்கும். தொடையின் ஊமைக்காயத்தைத் தொடக்கத்திலேயே அழுந்தப் பிசைவதால், தேங்கிய குருதியுள்ள தசையில் எலும்புபோன்ற கட்டி தோன்றும் இடரும் மிகும்.

ஆதலின் முதற்செயல் ஆட்டத்தை நிறுத்துதல். அடுத்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்து வலியைத் தணித்தல். மிக இறுக்காமற் கட்டுதல். உறுப்பை உயர்த்தி வைத்தல். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் இவற்றை ஒரு முறையாகத் தொகுத்துக் கூறினார். பனிக்கட்டியை நெடுநேரம் வைப்பது ஆறுதலைத் தாமதிக்கக் கூடுமெனப் பின்னாளில் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டமை அறிவுடையோர்க்கு அழகாம். காயமுற்ற காலை ஊன்ற இயலாமை, முறிவதுபோன்ற ஒலி, மரத்துப்போதல், உருத்திரிபு, விரைந்து பெருகும் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவரை நாடுவதே கடன். தலையிலோ கழுத்திலோ அடிபட்டார்க்கு நொடியும் தாழ்த்தலாகாது.

எனினும் முழு ஓய்வே மருந்து என்று நெடுநாட் கிடப்பதும் பிழையே. கிழிந்த இடத்தில் முதலில் தோன்றும் புதிய இழைகள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும். மருத்துவர் காட்டிய அளவில் மெல்ல மெல்ல இயக்கி வருவோமாயின், விசை செல்லும் திசையை ஒட்டி அவை வரிசைப்பட்டு வலுவுறும். இது திங்கட்கணக்கில் நடைபெறுவது. வலி நின்றவுடன் ஆற்றமும் நிறைந்தது என்றெண்ணித் திடலுக்கு விரைவோர் மீண்டும் அவ்விடத்திலேயே காயமுறுதல் இதனாலேயாம்.

காத்தலும் இவ்வழிப்பட்டதே. முழந்தாளில் நின்று, கணுக்காலைத் துணைவன் பற்றியிருக்க, உடலை மெல்ல முன்னோக்கிச் சாய்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. நோர்டிக் பயிற்சி என்பர். பின்தொடைத் தசை நீளும்போதே விசையைத் தாங்கப் பழக்குதலின், அத்தசைக்கு நேரும் காயங்களை இஃது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எந்நிலையில் தசை கிழிகின்றதோ, அந்நிலையிலேயே அளவறிந்து அதனைப் பழக்குகின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காயம் செய்வதும் விசையே. காயத்தை ஆற்றி உறுதியாக்குவதும் அளவறிந்த விசையே என்பது பெறப்படும். விசையை அஞ்சி விளையாடாதிருத்தல் அறிவன்று. அளவறியாது விளையாடுதலும் அறிவன்று. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் கடுங்காயமுற்றுத் தூக்குப்படுக்கையிற் கொண்டு செல்லப்பட்ட மற்போர் வீராங்கனை வினேஷ் போகத், 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் பொன் வென்றார். இடையிற் கழிந்த இரண்டாண்டும் வீணாண்டுகள் அல்ல.

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில், 400 மீட்டர் அரையிறுதி ஓட்டத்தின் நடுவே டெரெக் ரெட்மண்ட் என்னும் ஆங்கில வீரரின் பின்தொடைத் தசை கிழிந்தது. அவர் ஒற்றைக்காலில் நொண்டி நகரலானார். அரங்கிலிருந்த தந்தையார் காவலரைக் கடந்து ஓடிவந்து அவர்க்குத் தோள் கொடுத்தார். இருவரும் எல்லைக்கோடுவரை உடன் நடந்தனர். தந்தையார் அவரை வைதாரல்லர், நகைத்தாரல்லர், கிழிந்த காலின்மேல் விழவேண்டிய சுமையைத் தம் தோளில் ஏற்றார். விசைநூலார் கூறும் முறையும் அதுவே; அன்புடையார் செய்யும் முறையும் அதுவே. நம் திடலில் இனி வீழும் தோழனுக்கு நாம் முதலிற் செய்யத்தக்கதும் அதுவேயாகும்.